ஜெர்மன் ஹெல்மெட் கவர் ஒரிஜினலா போலியா: சொந்தக் கண்ணா, சர்டிஃபிகேட்டா, கேரண்டி டீலரா, லேபா?

மூணு வாரம் முன்னாடி தெரிஞ்ச தம்பி ஒருத்தன் போன் பண்ணான், நம்மூர்ப் பையன்தான், இங்க ஜெர்மனில ஐடி வேலை. "அண்ணா, ஒரு ஏலத்துல பிக்கல்ஹௌபெ கவர் ஒண்ணு வருது, முன்னாடி செகப்புல 94-னு நம்பர் இருக்கு, சர்டிஃபிகேட்டும் கூடவே தர்றாங்களாம், ஆரம்ப விலை 200 யூரோ, ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும், வாங்கலாமா?"ன்னு ஒரே மூச்சுல கேட்டான். வாங்கலாமா வேணாமான்னு போன்ல சொல்ல நான் என்ன கிளி ஜோசியமா பாக்குறேன்? ஆனா அவன் கேட்ட கேள்விக்கு உள்ள இன்னொரு கேள்வி இருக்கு, இந்த மாதிரி சரக்குல யாரை நம்புறது, நம்ம கண்ணையா, பேப்பர்ல கையெழுத்து போட்டவரையா, விக்கிறவரையா, லேப் ரிப்போர்ட்டையா. இதே குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. உச்சில ஆணி மாதிரி கூர் இருக்கிற பழைய ஜெர்மன் தோல் ஹெல்மெட்தான் பிக்கல்ஹௌபெ, பிரஷ்யால 1842-ல வந்தது. கறுப்புத் தோல், முன்னாடி பளபளன்னு பித்தளைக் கழுகு, வெயில்ல ஒரு மைல் தூரத்துக்கு மின்னும். அதை மறைக்க 1892-ல துணி உறை ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஜெர்மன்ல ஊபர்ட்சூக், காஞ்ச நாணல் கலர். எந்த ரெஜிமென்ட்னு தெரிய முன்பக்கம் செகப்பு நம்பர் தெச்சாங்க, ரிசர்வ் படைன்னா நம்பருக்கு மேல ஆர் எழுத்து, லாண்ட்வேர்னு சொல்ற வயசு கூடின ஆளுங்களோட படைன்னா எல் எழுத்து. முதல் உலகப் போர் ஆரம்பிச்சதும் அந்தச் செகப்பே எதிரிக்குக் குறி வெக்கிற இடமாப் போச்சு, 1914 ஆகஸ்ட்ல பச்சை நம்பருக்கு மாத்தச் சொன்னாங்க, 1916-ல நம்பரே வேணாம்னுட்டாங்க. அதே 1916-ல இரும்பு ஹெல்மெட் வந்துருச்சு, அதுக்குத் தனி கவர். ரெண்டாவது உலகப் போர்ல ராணுவத்துக்கு ஸ்ப்ளிட்டர்னு சொல்ற உடைஞ்ச கண்ணாடி மாதிரி டிசைன் போட்ட கவர், எஸ்எஸ்னு சொல்ற நாஜிக் கட்சியோட தனிப் படைக்காரங்களுக்கு இலை டிசைன்ல ரெண்டு பக்கமும் திருப்பிப் போடுற கவர்.

விலையும் இதே வரிசைலதான் ஏறும். கைசர்னு சொல்ற ஜெர்மன் பேரரசர் காலத்து கவர், அதாவது 1918 வரைக்கும் உள்ளது, சில நூறு யூரோல இருந்து ஆயிரம் வரைக்கும் ஓடும், எஸ்எஸ் கவர் ஆயிரக்கணக்குல. மறுபக்கம், பழைய போரை நடிச்சுக் காட்டுற கிளப் ஆளுங்களுக்காகப் புதுசாத் தெச்ச கவர் நாப்பது அம்பது யூரோக்குக் கிடைக்குது. நாப்பது யூரோ சாமானை டீத்தண்ணில ஊறவெச்சு நாலாயிரத்துக்கு வித்தா யாருக்குத்தான் கசக்கும்? இந்த வேலை பண்றவன் எல்லாம் சரியான எம்டனுங்க. 1914 செப்டம்பர்ல மெட்ராஸ்ல குண்டு போட்டுட்டுப் போன அந்த ஜெர்மன் கப்பல் பேரைத்தான் நாம இன்னும் கில்லாடி ஆளுக்கு வெச்சுக் கூப்பிடறோம், இங்க அது கனகச்சிதமாப் பொருந்துது.

## எதை வெச்சு அளக்குறது

வழிகளைப் பாக்குறதுக்கு முன்னாடி அளவுகோல். விலை, நேரம் எல்லாம் எல்லாருக்கும் தோணும். நான் முதல்ல பாக்குறது வேற: இந்த வழி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுது? ஏன்னா ஒரு கவர்ல "ஒரிஜினலா"ங்கிறது ஒரு கேள்வி இல்ல, மூணு கேள்வி.

துணி பழசா? அந்தத் துணியைக் கவராத் தெச்சது அந்தக் காலத்துலயா? மேல இருக்கிற நம்பர், முத்திரை, கொக்கி எல்லாம் முதல்ல இருந்தே அதுல இருந்ததா?

இந்த மூணையும் ஒண்ணாக் கலக்குற இடத்துலதான் காசு போகுது. ஸ்ப்ளிட்டர் துணி 1931-லேயே வந்துருச்சு, ராணுவக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் கொடுத்த முக்கோணக் கூடாரத் துணி, செல்ட்பான்னு சொல்வாங்க, லட்சக்கணக்குல அடிச்சாங்க. இன்னைக்கும் கிழிஞ்ச செல்ட்பான் கொஞ்ச விலைக்குக் கிடைக்கும். அதை வெட்டி நேத்து ராத்திரி கவரா தெச்சா துணி நிஜமாவே எண்பது வருஷப் பழசு, எந்த டெஸ்ட்லயும் பாஸ். கவர் மட்டும் ஒரு நாள் குழந்தை. இன்னொரு சிக்கல், போர் நடக்கும்போதே சிப்பாய்ங்களும் ரெஜிமென்ட் டெய்லர்களும் இதே மாதிரி செல்ட்பானை வெட்டிக் கவர் தெச்சிருக்காங்க, அதெல்லாம் நிஜ சரக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது வெறும் தேதி வித்தியாசம்தான்.

அடுத்தது, தப்பாப் போனா காசு திரும்புமா. அடுத்தது, பொருளுக்குச் சேதம் வருமா. கடைசியா, நாளைக்கு நான் விக்கும்போது அடுத்தவன் இதை ஒத்துக்குவானா. உங்க கண்ணுக்கு உறுதியாத் தெரிஞ்சாலும் வாங்க வர்றவனுக்கு உங்க கண்ணைக் கழட்டிக் கொடுக்க முடியாதில்ல.

## வழி 1: சொந்தக் கண்ணு, கையில சின்ன கிட்

நான் கொஞ்சம் நீளமாப் பேசப் போறது இதைப் பத்திதான், ஏன்னா மத்த மூணு வழில எதை எடுத்தாலும் இது இல்லாம போனா ஏமாறுவீங்க.

கிட்னா பெருசா ஒண்ணுமில்ல. பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு, கையடக்க மைக்ராஸ்கோப் ஒண்ணு, யூவி, அதாவது புற ஊதா டார்ச் ஒண்ணு, ட்வீசர், லைட்டர். டார்ச் வாங்கும்போது 365 நானோமீட்டர் பாத்து வாங்குங்க, சீப்பாக் கிடைக்கிற 395 ஊதா வெளிச்சத்தைத் தானே கொட்டும், எல்லாமே மின்னுற மாதிரி தெரியும், கள்ளனும் மின்னுவான் நல்லவனும் மின்னுவான். எல்லாம் சேத்து எண்பது தொண்ணூறு யூரோல முடிஞ்சிரும்.

யூவி எதுக்குன்னா, வெள்ளை வெளேர்னு காட்டுறதுக்காகத் துணிலயும் சோப்புத்தூள்லயும் கலக்குற ரசாயனம் இருக்கே, நம்மூர்ல சொட்டு நீலம் போட்ட வேலையை இப்ப அது பண்ணுது, அது பரவலாப் புழக்கத்துக்கு வந்தது ரெண்டாம் போருக்கு அப்புறம். அது இருந்தா இருட்டுல யூவி அடிச்சதும் நீல வெள்ளையாப் பளிச்சுனு எரியும். பழைய பருத்தி நூல் மங்கலா மஞ்சளோ பழுப்போ காட்டிட்டு சும்மா கெடக்கும். ஆனா இதை அப்படியே தீர்ப்பா எடுத்துக்காதீங்க. எவனோ ஒரு பாட்டியம்மா 1970-ல அந்த நிஜக் கவரை வாஷிங் மிஷின்ல போட்டிருந்தா அதுவும் மின்னும். அதனால நான் பாக்குறது எங்க மின்னுதுங்கிறதைத்தான். துணி முழுக்க ஒரே மாதிரி மின்னினா துவைச்சிருக்கலாம். துணி சும்மா இருந்து தையல் நூல் மட்டும் நட்சத்திரம் மாதிரி எரிஞ்சா அந்தத் தையல் புதுசு, கதை முடிஞ்சது. மின்னவே இல்லைன்னாலும் துள்ளிக் குதிக்காதீங்க, மின்னாத நூல் இன்னைக்கும் கடைல கிடைக்குது, போலி பண்றவனுக்கும் டார்ச் வாங்கத் தெரியும்.

நூலைக் கொளுத்திப் பாக்குறது அடுத்தது. உள் மடிப்புல பிசிறா நிக்கிற நூல்ல ஒரு அஞ்சு மில்லிமீட்டர் போதும், ட்வீசர்ல புடிச்சு நெருப்பு காட்டுங்க. பருத்தி பேப்பர் எரியிற வாசனையோட எரிஞ்சு சாம்பலா உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியா கெட்டியாகும். பாலியெஸ்டரைக் கண்டுபிடிச்சதே 1941-ல இங்கிலாந்துல, கடைக்கு வந்தது போர் முடிஞ்சு, அதனால அந்தக் கறுப்பு மணியைப் பாத்தா பேசுறதுக்கு ஒண்ணுமில்ல. இதை உங்க சொந்தக் கவர்ல மட்டும் பண்ணுங்க. கடைக்காரர் முன்னாடி லைட்டரை எடுத்தீங்கன்னா என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இதெல்லாம் கருவி. நிஜமான துப்பு இருக்கிறது தேய்மானத்துல.

ஒரு கவர் வருஷக்கணக்கா பிக்கல்ஹௌபெ மேல இருந்தா, உள்பக்கம் அந்தப் பித்தளைக் கழுகு தன் அடையாளத்தை விட்டுட்டுப் போயிருக்கும். திருப்பிப் போட்டு, லைட்டைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க. ரெக்கை நுனி, கிரீடம், இந்த மேடான இடங்கள்ல துணி பளபளன்னு தேஞ்சிருக்கும், சில இடத்துல மெல்லிசாப் பச்சை, நம்ம வீட்ல கழுவாத பித்தளைக் குத்துவிளக்குல புடிக்குமே களிம்பு, அதே பச்சை. உச்சில கூரோட அடித்தட்டு வட்டமா ஒரு தடம் பதிச்சிருக்கும். இரும்பு ஹெல்மெட் கவர்னா, முதல் போர்க் காலத்து ஹெல்மெட்ல ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அந்த இடத்துல கவர் புடைச்சு, நுனில நூல் அத்து ஓட்டையாகூட ஆகியிருக்கும். விளிம்பு சுத்தி ஒரே கோட்டுல தேய்மானம் ஓடும். போலில தேய்மானம் எங்க இருக்கும்னா, பாக்குறவன் கண்ணு எங்க போகுமோ அங்க, நெத்திக்கு நேரா, நல்லா எடுப்பா.

அடுத்தது கலர். வெயில்ல வெளுத்த துணி வெளிப்பக்கம் மட்டும்தான் வெளுத்திருக்கும், தையல் மடிப்பை மெதுவா விரிச்சா உள்ள அன்னைக்குப் போட்ட நிறம் அப்படியே இருக்கும். டீலயோ காப்பிலயோ முக்கின துணில மடிப்புக்கு உள்ளயும் அதே பழுப்பு, நூலும் அதே பழுப்பு, லேபிள் இருந்தா அதுவும் அதே பழுப்பு. கொக்கியோட துருவும் அப்படித்தான். நூறு வருஷத் துரு பருத்தியைத் தின்னுரும், கொக்கியச் சுத்தி துணி மொறுமொறுன்னு ஆகி ரெண்டு அடுக்கும் தாண்டி மறுபக்கம் கறை வந்திருக்கும். பெயின்ட் மாதிரி மேலோட்டமா இருந்தா யாரோ பிரஷ் எடுத்திருக்காங்க.

பூச்சி அரிச்ச ஓட்டைன்னு காட்டுவாங்க, அதுல ஒரு சின்ன விஷயம். அந்துப்பூச்சி கம்பளியைத்தான் திங்கும், பருத்தியை அது கண்டுக்காது. கம்பளித் துணில வெட்டின செகப்பு நம்பர்ல ரெண்டு மூணு கடி இருந்து பருத்திக் கவர் முழுசா இருந்தா அது நம்புற மாதிரி இருக்கு. நம்பர் முழுசா இருந்து கவர்ல மட்டும் அந்து ஓட்டைன்னா, சிகரெட்டோ கத்தரிக்கோலோ வேலை பாத்திருக்கு.

நான் ஏமாந்த கதை. அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு சந்தைல, காலைல ஆறரை மணி, கை வெறைக்கிற குளிர், ஆர் எழுத்தோட நம்பர் வெச்ச கவர் ஒண்ணு 280 யூரோக்கு வாங்கினேன். உள்ள களிம்பு இருந்துச்சு, மடிப்புக்குள்ள பழைய கலர் இருந்துச்சு, நூல் மின்னல, எல்லாம் பக்கா. வீட்டுக்கு வந்து நாலு நாள் கழிச்சுத்தான் நம்பரோட ஓரத்தை ஊசியால லேசாத் தூக்கி லென்ஸ் வெச்சேன். நம்பருக்கு அடில இருக்கிற துணியும் சுத்தி இருக்கிற துணி அளவுக்கே வெளுத்திருக்கு! நூறு வருஷமா நம்பர் மறைச்சிருந்தா அந்த இடம் அடர்த்தியாத்தானே இருக்கணும், கையில வாட்ச் கட்டின இடம் மாதிரி. கவர் நிஜம், நம்பர் போன வருஷம் தெச்சது. நம்பர் இல்லாத கவரை நம்பர் உள்ள கவரா ஆக்கினா விலை ஏறும், அம்புட்டுதான் லாஜிக். நான் பாத்தது ரெண்டு கேள்விக்குப் பதில், மூணாவதை மறந்துட்டேன். வித்த ஆளு அடுத்த மாசச் சந்தைக்கு வரவே இல்ல.

மறைச் செலவுன்னு பாத்தா இதான். கிட் சீப், படிப்பு சீப் இல்ல. நிஜ கவரைக் கையில தொட்டுப் பாக்காதவனுக்குப் போலி தெரியாது, அதுக்கு இங்கோல்ஸ்டாட்ல இருக்கிற பவேரியா ராணுவ மியூசியம், ராஷ்டாட் அரண்மனைல இருக்கிற ராணுவ மியூசியம், டிரெஸ்டன் ராணுவ வரலாற்று மியூசியம்னு போய் கண்ணாடி வழியா மணிக்கணக்கா நின்னு பாக்கணும், அப்புறம் பழைய கலெக்டர் யாராச்சும் அன்பா ஒரு கவரைக் கையில கொடுக்கணும். முதல் ரெண்டு மூணு தப்பையும் ட்யூஷன் ஃபீஸ்ல சேத்துக்கங்க.

எப்ப இது சரி: விலை 200, 250-க்குள்ள, பொருளைக் கையில எடுத்துப் பாக்கலாம், நம்பர் இல்லாத சாதாரண கவர். போட்டோவை மட்டும் பாத்து வாங்கணும்னா இந்த வழிக்குப் பாதி பல்லு போயிரும்.

## வழி 2: எக்ஸ்பர்ட் சர்டிஃபிகேட்

அம்பதுல இருந்து நூத்தம்பது யூரோ வரைக்கும் வாங்குறாங்க. இதுல முதல் கேள்வி, அவர் பொருளைக் கையில வாங்கிப் பாத்தாரா, போட்டோ பாத்தாரா. ரெண்டும் ஒரே மாதிரி பேப்பர்ல ஒரே மாதிரி சீலோட வரும், ஆனா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். களிம்பு போட்டோல வராது, நம்பருக்கு அடில என்ன கலர்னு போட்டோல வராது.

ரெண்டாவது, பேப்பர்ல எழுதியிருக்கிற வார்த்தை. "காலத்துக்கு உரிய துணி"ன்னு எழுதியிருந்தா அது துணியைப் பத்திச் சொல்லுது, கவரைப் பத்தி மூச்சு விடல. "ஒரிஜினல் கவர்"னு எழுதி நம்பரைப் பத்தி எதுவும் இல்லைன்னா, அதையும் கவனிங்க. சட்டப்படி எல்லாம் கரெக்டாத்தான் எழுதியிருப்பாங்க, நாமதான் நமக்குப் பிடிச்ச மாதிரி படிச்சுக்குவோம்.

மூணாவது, எக்ஸ்பர்ட்டுக்கும் ஏரியா இருக்கு. கைசர் காலத்துல ஊறினவருக்கு எஸ்எஸ் இலை டிசைன் தெரியணும்னு அவசியமில்ல. எஸ்எஸ் கவர்லயே பிளேன் மர இலை, ஓக் இலைன்னு வகை, 1942-ல இருந்து செடி கொடி சொருக சின்னப் பட்டி, அதுக்கு முன்னாடி பட்டி கிடையாதுன்னு ஒவ்வொண்ணும் தனிப் பாடம். ஸ்ப்ளிட்டர்ல இன்னொரு வம்பு, போர் முடிஞ்சும் அந்த டிசைன் சாகல. மேற்கு ஜெர்மனி ராணுவம் அம்பதுகள்ல கொஞ்ச நாள் போட்டுச்சு, எல்லைக் காவல் படை அதோட தம்பி டிசைன் ஒண்ணை வெச்சிருந்துச்சு, பல்கேரியாவும் ஸ்ப்ளிட்டர் ஜாடைல துணி அடிச்சுச்சு. இதெல்லாமும் பழசுதான், ராணுவத்தோடதுதான், ஆனா ரெண்டாம் போர் கிடையாது. இதைப் பிரிக்கத் தெரிஞ்சவர் கையெழுத்துக்குத்தான் மதிப்பு.

மறைச் செலவு: போக வர இன்ஷூரன்ஸோட கூரியர், ஆறு வாரம் எட்டு வாரம் காத்திருப்பு, அதுக்குள்ள விக்கிறவர் ரிட்டர்ன் டைம் முடிஞ்சிரும். சர்டிஃபிகேட் கொடுத்தவர் தப்பாச் சொன்னா ஃபீஸுக்கு மேல ஒரு பைசா பொறுப்பு எடுக்கிறதில்ல. அப்புறம் சர்டிஃபிகேட்டே போலியா வரும், நிஜ சர்டிஃபிகேட் வேற கவரோட வரும். பேப்பர்ல இருக்கிற போட்டோவையும் கையில இருக்கிற கவரையும் கறை கறையா ஒப்பிட்டுப் பாருங்க, கறை கைரேகை மாதிரி, ரெண்டு கவருக்கு ஒரே கறை வராது.

எப்ப இது சரி: நம்பர் உள்ள பிக்கல்ஹௌபெ கவர், நீங்க ஏற்கனவே வெச்சிருக்கீங்க, விக்கப் போறீங்க இல்ல பசங்களுக்கு விட்டுட்டுப் போகப் போறீங்க. வாங்குறதுக்கு முன்னாடி யூஸ் ஆகுறதைவிட வாங்கினதுக்கு அப்புறம்தான் இது நல்லா யூஸ் ஆகும்.

## வழி 3: ஆயுசுக்கும் கேரண்டி தர்ற டீலர்

சில டீலருங்க, எப்ப வேணா போலின்னு நிரூபணம் ஆனா முழுக் காசும் திருப்பித் தர்றேன்னு எழுதியே கொடுப்பாங்க. அதுக்காக விலையை ஏத்தி வெப்பாங்க, என் அனுபவத்துல சந்தை விலையைவிட மூணுல ஒரு பங்கு கூட. பாக்குறப்ப வயிறு எரியும். ஆனா கணக்குப் போட்டா அந்தக் கூடுதல் காசு இன்ஷூரன்ஸ்தான், அதுவும் மூணு கேள்விக்கும் சேத்துப் பொறுப்பு எடுக்கிற ஒரே வழி இது. துணி, தையல், நம்பர், எதுல தப்பு வந்தாலும் தலைவலி அவருக்கு.

கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு, யார் நிரூபிக்கணும்? "எங்க எக்ஸ்பர்ட் ஒத்துக்கிட்டா"ன்னு எழுதியிருந்தா அவங்க எக்ஸ்பர்ட் என்னைக்கும் ஒத்துக்க மாட்டார். வெளி ஆள் ரெண்டு பேர் எழுதிக் கொடுத்தா போதும்னு இருந்தா நல்லது. அப்புறம் ஆயுசுக்கும்னா யார் ஆயுசு? கடையோட ஆயுசு. எழுபது வயசு டீலர் தனியாளா நடத்துற கடைன்னா கொஞ்சம் யோசிங்க, அவர் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும், இருந்தாலும்.

ஏலக் கம்பெனியை இதோட சேத்துக் குழப்பிக்காதீங்க. பாதி ஏலத்துல "இருக்கிறது இருக்கிறபடி"ன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், ஏலம் முடிஞ்சா பொருள் உங்க தலைல. அதுக்கு மேல அவங்க கமிஷன் இருபது இருபத்தஞ்சு சதவீதம், அதுக்கு வரி. 400-க்கு எடுத்தேன்னு சந்தோஷமா வந்தா பில்லு 500-ஐத் தொடும்.

எப்ப இது சரி: விலை 500-ஐத் தாண்டினா, பொருளை நேர்ல பாக்க முடியலன்னா, எஸ்எஸ் கவர்னா கண்ணை மூடிட்டு இதான். எஸ்எஸ் விஷயத்துல என் சொந்த அபிப்பிராயம் வேற, நான் அந்தப் பக்கம் போறதே இல்ல. போலி அதிகம்ங்கிறது ஒரு காரணம், அந்த இலை டிசைனுக்குக் கீழ நின்னவங்க பண்ணின வேலை இன்னொரு காரணம். நாஜிச் சின்னம் இருக்கிற பொருள்னா ஜெர்மனில குற்றவியல் சட்டம் 86ஏ வேற இருக்கு, அதைப் பொதுவுல காட்டுறது குற்றம், ஆராய்ச்சி கல்வின்னு சில விலக்கு உண்டு. கவர்ல பெரும்பாலும் சின்னம் இருக்காது, ஆனா கூட வர்ற ஹெல்மெட்ல இருக்கும்.

## வழி 4: லேப்

லேப்னு சொன்னா எல்லாருக்கும் ஒரு மரியாதை, வெள்ளைக் கோட்டு போட்டவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. சரிதான், ஆனா அவங்க பதில் சொல்றது முதல் கேள்விக்கு மட்டும்.

நார் என்ன வகை, சாயம் என்ன வகைன்னு பாக்குற டெஸ்ட் ஒண்ணு. இன்னொண்ணு சுவாரஸ்யமானது, கார்பன் 14. நூறு வருஷத்துப் பொருளுக்கு இது ஒத்து வராதேன்னு கேப்பீங்க, பாதி சரி. 1650-ல இருந்து 1950 வரைக்கும் உள்ளதை இது ஒழுங்காப் பிரிக்காது. ஆனா அம்பதுகள்ல அணுகுண்டு டெஸ்ட்டா வெடிச்சுத் தள்ளினாங்கல்ல, அதுல காத்துல கார்பன் 14 எகிறிப் போய், 1963, 64 வாக்குல வடக்கு அரைக்கோளத்துல கிட்டத்தட்ட டபுள் ஆச்சு. அதுக்கு அப்புறம் பல வருஷம் முளைச்ச பருத்திச் செடில எல்லாம் அந்தக் கூடுதல் முத்திரை இருக்கும். அந்த அளவு குறைஞ்சுக்கிட்டே வந்து இப்ப கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துருச்சு, அதனால முத்திரை இல்லைங்கிறதை மட்டும் வெச்சுப் பழசுன்னு சொல்லிர முடியாது. ஆனா நூல்ல அந்த முத்திரை இருந்தா அது 1955-க்கு அப்புறம் விளைஞ்ச பருத்தி, எந்த எம்டனாலயும் மறைக்க முடியாது.

ஆனா செல்ட்பானை வெட்டித் தெச்ச கவருக்கு அதே லேப் "பழசு"ன்னு எழுதிக் கொடுக்கும், அந்தப் பேப்பரை வெச்சே உங்க தலைல கட்டிருவாங்க. லேபுக்கு அனுப்புறதா இருந்தா துணியை அனுப்பாதீங்க, தையல் நூலை அனுப்புங்க. இதைச் சொல்றதுக்காகத்தான் இந்தப் பகுதியையே எழுதினேன். பழைய துணி கிடைக்கும், பழைய நூல்கண்டு அவ்வளவு ஈஸியாக் கிடைக்காது, கிடைச்சாலும் இத்துப்போயிருக்கும், மிஷின்ல ஓட்டினா பட்டுபட்டுன்னு அறும்.

செலவு சில நூறு யூரோ, அதுவும் ஒரு சாம்பிளுக்கு. துணுக்கு வெட்டி எரிச்சுத்தான் அளப்பாங்க, சில பத்து மில்லிகிராம்தான்னாலும் போனது போனதுதான். 300 யூரோ கவருக்கு 400 யூரோ டெஸ்ட் பண்றது, சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்.

எப்ப இது சரி: ஆயிரக்கணக்குல விலை, ரெண்டு எக்ஸ்பர்ட் ரெண்டு விதமாச் சொல்றாங்க, இல்ல டீலர் மேல கேஸ் போடப் போறீங்க. மத்தபடி வேணாம்.

## ஒரே பார்வைல

| | சொந்தக் கண்ணு | சர்டிஃபிகேட் | கேரண்டி டீலர் | லேப் |
|---|---|---|---|---|
| துணி பழசா | ஓரளவு | ஆமா | பொறுப்பு அவரோடது | ஆமா, 1955 கோடு வரை |
| தையல் பழசா | ஆமா, அனுபவம் இருந்தா | கையில பாத்தா மட்டும் | பொறுப்பு அவரோடது | நூலை அனுப்பினா மட்டும் |
| நம்பர் நிஜமா | ஓரத்தைத் தூக்கிப் பாத்தா | எழுதியிருந்தா மட்டும் | பொறுப்பு அவரோடது | நம்பர் தெச்ச நூலையும் தனியா அனுப்பணும் |
| செலவு | 80-90 ஒரு தடவை | 50-150 ஒவ்வொண்ணுக்கும் | விலைல மூணுல ஒரு பங்கு | சில நூறு ஒரு சாம்பிளுக்கு |
| காசு திரும்புமா | இல்ல | இல்ல | ஆமா, கடை இருந்தா | இல்ல |
| சேதம் | இல்ல, கொளுத்தலைன்னா | இல்ல | இல்ல | கொஞ்சம் |
| விக்கும்போது | உதவாது | நல்லா உதவும் | பில்லு உதவும் | உதவும், சந்தேகமும் கெளப்பும் |

கடைசிக் கட்டத்துல சந்தேகம்னு போட்டிருக்கேனே, ஏன்னா லேப் ரிப்போர்ட்டோட வர்ற கவரைப் பாத்தா அனுபவசாலிங்க முதல்ல கேக்குறது, "இதை ஏன் லேபுக்கு அனுப்பற அளவுக்கு வந்துச்சு?"ன்னுதான்.

இந்தப் பட்டியல்ல இல்லாத அஞ்சாவது வழி ஒண்ணு இருக்கு, அதைத்தான் நிறைய பேர் எடுக்குறாங்க: கதை. "எங்க தாத்தா வெர்டூன் போர்க்களத்துல இருந்து கொண்டு வந்தது", "பரண்ல இருந்து நேரா எடுத்தது". ஒரு தடவை ஆர் எழுத்தோட 16 போட்ட கவரைக் காட்டி, இது ஹிட்லர் இருந்த ரெஜிமென்ட்னு ஒருத்தர் விலையை மூணு மடங்கு சொன்னார். ஹிட்லர் இருந்தது பவேரியா ரிசர்வ் 16. அவங்க 1914 அக்டோபர்ல பெல்ஜியத்துல இருக்கிற ஈப்ர பக்கம் கிளம்பினப்ப பிக்கல்ஹௌபெயே கொடுக்கல, மெழுகுத்துணித் தொப்பிதான் கொடுத்தாங்க, அதைப் பாத்து இங்கிலீஷ்காரன்னு நினைச்சு சொந்த ஆளுங்களே சுட்ட கூத்தும் நடந்துச்சு. பிரஷ்யாவுக்கும் தனியா ஒரு ரிசர்வ் 16 இருந்துச்சு, அந்த கவர் நிஜமா இருந்தா அனேகமா அவங்களோடதா இருக்கும். கவருக்குக் காசு கொடுங்க, கதையை ஓசில கேட்டுட்டு வாங்க.

## அப்புறம் தம்பி என்ன பண்ணான்

94 வைமார் ரெஜிமென்ட், துரிங்கியா ஆளுங்க, நல்ல நம்பர்தான். கணக்கு இப்படி: விலை 400-ஐத் தொடலாம், கமிஷனோட 500. ஏலம், அதனால கேரண்டி கிடையாது. சர்டிஃபிகேட்டை அனுப்பச் சொல்லிப் படிச்சோம், போட்டோ பாத்து எழுதினது, "ஒரிஜினல் ஊபர்ட்சூக்"னு ஒரு வரி, நம்பரைப் பத்திப் பேச்சே இல்ல. லேபுக்கு டைமும் இல்ல, அவசியமும் இல்ல. மிச்சம் இருக்கிறது சொந்தக் கண்ணு, அது கொஞ்சம் கத்துக்குட்டிக் கண்ணு.

வெள்ளிக்கிழமை நேர்ல பாக்க விடுவாங்கன்னு தெரிஞ்சுது. டார்ச்சைக் கொடுத்து அனுப்பினேன், ரெண்டு மணி நேரம் ட்ரெயின்ல போனான். அங்க இருந்தே வீடியோ கால். உள்பக்கத்தைத் திருப்பச் சொன்னேன், கழுகு ரெக்கை பதிஞ்சிருக்கு, நுனில பச்சைக் களிம்பு, மடிப்புக்குள்ள பழைய கலர், கொக்கி துரு மறுபக்கம் வந்திருக்கு. "அண்ணா, சூப்பர்ணா"ங்கிறான். லைட்டை அணைக்கச் சொல்லுடான்னேன். ஏலக் கம்பெனி அம்மா சிரிச்சுக்கிட்டே அணைச்சாங்களாம். கவர் முழுக்க இருட்டு, எதுவும் மின்னல. நம்பரைச் சுத்தி மட்டும், 9-ஓட வளைவும் 4-ஓட மூணு கோடும், புள்ளிப் புள்ளியா நீலமா ஒரு தையல் வரிசை, தீபாவளிக்கு சீரியல் லைட் போட்ட மாதிரி.

நம்பர் இல்லாத கவருக்கு என்ன விலையோ அதுக்கு மேல போகாதன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை 230 வரைக்கும் போனான், நிறுத்திட்டான். 390-க்கு வேற யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. டார்ச்சை இன்னும் திருப்பிக் கொடுக்கல, அடுத்த மாசம் எங்கயோ சந்தை இருக்காம்.